கோர்ட் பிரியும் வரை

என் தம்பி அந்த மெஷினில் சிரித்துக்கொண்டே ஊதினான். இந்த விஷயத்தை எங்கிருந்து நினைக்க ஆரம்பித்தாலும் அந்தச் சிரிப்பில்தான் வந்து நிற்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம். விருந்துக்கு வந்திருந்த சித்தியைக் குன்னத்துகாலில் அவள் வீட்டில் இறக்கிவிட்டு, நானும் தம்பியும் காரில், கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் ஊரான பாறசாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ரப்பர் தோட்டம் முடிந்து ரோடு வளைகிற இடத்தில் போலீஸ் ஜீப் நின்றது. கை காட்டினார்கள். தம்பி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். பெல்ட் போடாமல் சாவியைத் திருப்ப மாட்டான். எல்லாக் காகிதமும் கையோடு வைத்திருப்பான். போலீஸைக் கண்டால் பதறுகிற கூட்டத்தில் அவன் இல்லை.

"ஊதணோ சாரே? ஊதாம். ஞான் ஜீவிதத்தில் குடிச்சிட்டில்ல" ஆயுசில் குடித்ததே இல்லை என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே வாயை வைத்தான்.

மெஷின் கத்தியது.

போலீஸ்காரர் அதைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். குனிந்து காருக்குள் இருந்த என்னையும் பார்த்தார். குழாயை மாற்றி இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அவன் மூச்சை நன்றாக இழுத்து, முன்னைவிட அக்கறையாக ஊதினான். இன்னொரு தடவையும் கத்தியது.

"மெஷினுக்கு என்னமோ கேடாக்கும், அக்கா" என்றான் என்னிடம் திரும்பி.

கேடு மெஷினுக்கு இல்லை என்று எனக்கு அதற்குள் புரிந்துவிட்டது. நான் பாறசாலையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது ஆளைப் பார்த்துத் தெரியாது என்பதை தினமும் பார்க்கிறேன். மத்தியானம் அம்மா அவனுக்கு ஸ்டீல் தம்ளரில் ஊற்றிக்கொடுத்தது என் கண்ணுக்குள் வந்தது. ஒரு தம்ளர் கேக்கோடு. சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. சித்தி கிளம்பும்போது, "பரணிக்க அடியில உள்ளதாக்கும் ருசி" என்று மூன்றாவது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் குடிக்கிறவனுக்கு இடமில்லை. ஒருவன் சாயங்காலம் வாய் நாறி வந்தால் அடுத்த ஞாயிறு அவன் பெண்டாட்டி பின் பெஞ்சுக்குப் போய்விடுவாள், யாரும் சொல்லாமலே. அம்மா பெண்கள் சங்கத்தில் மதுவிலக்கு ஜெபம் நடத்துகிறவள். சாராயத்தை அவள் சாராயம் என்றுகூட சொல்ல மாட்டாள். பிசாசுக்க மூத்திரம் என்பாள். அதே அம்மா ஐப்பசி பிறந்ததும் கறுப்பு முந்திரிப்பழம், அதாவது திராட்சை, வாங்கி, கழுவி, துடைத்து, கையால் நசுக்கி, பெரிய பீங்கான் பரணியில் சர்க்கரையும் கோதுமையும் கிராம்பும் பட்டையும் ஈஸ்டும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி இருட்டு அறையில் வைப்பாள். தினமும் குளித்துவிட்டு வந்து மரக்கரண்டியால் ஒரு கிளறு. வேறு யாரும் தொடக் கூடாது. கிறிஸ்துமஸ் அன்று வடிகட்டி எடுப்பாள்.

இதில் முரண்பாடு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். வைன் எங்களுக்குப் பலகாரக் கணக்கு. அச்சப்பம், முந்திரிக்கொத்து, கேக், வைன். சிறுபிள்ளைக்கும் ஒரு ஸ்பூன் உண்டு. உபதேசியார் வந்தால் அவருக்கும் உண்டு. எங்கள் தெருவில் அந்த வாரம் எந்த வீட்டில் ஏறினாலும் தட்டில் அது இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டுக்காரிக்கு முகம் வாடிவிடும். அதனால்தான் தம்பி சிரித்துக்கொண்டே ஊதினான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் அறிந்தவரையில் அவன் குடித்ததே இல்லை.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைக் கோடு போட்டதுபோல் நடக்கச் சொன்னார், கண்ணை மூடி விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். நடந்தான், தொட்டான். பேச்சில் தடுமாற்றம் இல்லை. இதெல்லாம் நமக்கு நல்லது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்றுக்கும் உதவாது என்று பிறகுதான் தெரிந்தது.

மாமா வந்து பொறுப்பேற்றதும் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா மாரில் கை வைத்தாள். ஜாமீன் என்றால் கொலைகாரர்கள் வாங்குவது என்பது அவள் எண்ணம். சில குற்றங்களில் ஜாமீன் நமக்குள்ள பாத்தியதை, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், இது அந்த வகை என்று ஸ்டேஷனில் இருந்த எழுத்தர் நிதானமாகச் சொன்னார். அம்மாவுக்கு அதில் குற்றம் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

மாமா வேறொரு சட்டம் வைத்திருந்தார். எல்லையில் இருக்கிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கும்.

"எலே, நீ லைசென்ஸ் எடுத்தது மார்த்தாண்டத்துலதானே? அது தமிழ்நாட்டு லைசென்ஸ். கேரளாக்காரனுக்கு அதுல கை வைக்க ஒக்காது, கேட்டியா."

இதை நம்பிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் சோறு இறங்கியது.

வக்கீல் நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தார். நடுவயதுப் பெண். எங்களோடு தமிழில் ஆரம்பிப்பார், போகப்போக மலையாளத்தில் முடிப்பார். நான், தம்பி, அம்மா மூன்று பேரும் போயிருந்தோம். மாமாவின் சட்டத்தை முதலில் உடைத்தார். லைசென்ஸ் எந்த ஆபீஸ் கொடுத்ததானாலும் நாடு முழுக்க ஓட்டலாம் என்றால், ஓட்டக் கூடாது என்பதும் நாடு முழுக்கத்தான். கோர்ட் தண்டிப்பது ஒன்று, மோட்டார் வாகன ஆபீஸ் லைசென்ஸை நிறுத்திவைப்பது வேறொன்று. ஒன்றிலிருந்து தப்பினாலும் மற்றது வரும்.

"நேரே நடந்தான் மேடம். டாக்டரே பார்த்தார்" என்றேன்.

"நடக்கலாம், ஓடலாம், சங்கீர்த்தனம் பாடலாம்" என்றார். "நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராமில் கூடுதல் உண்டோ, இல்லையோ? அவ்வளவே இந்த செக்‌ஷன் கேட்குது. போதையா, போதமா என்று கேட்கலை. மனசில் குற்ற எண்ணம் உண்டா என்றும் கேட்கலை. கூடுதல் உண்டு, கை ஸ்டியரிங்கில் உண்டு. தீர்ந்து."

முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் கூடும். முதல் தடவை என்பதால் பெரும்பாலும் அபராதத்தில் நிற்கும் என்றார். குற்றத்தைச் சம்மதித்தால் ஒரே நாளில் முடியும், ஆனால் சம்மதித்தால் அது தண்டனை பெற்ற ஆள் என்றே ஆகும். சம்மதிக்காவிட்டால் விசாரணை. மெஷின் சரியானதுதானா, யார் ஊதவைத்தார்கள், எல்லாம் கேட்கலாம். நாளாகும். அதுவரை பள்ளிக்கூடத்தில் பஸ் கொடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே வேறு டிரைவரைப் போட்டுவிட்டார்கள் என்று தம்பி அப்போதுதான் சொன்னான். எங்களிடமும் அதுவரை சொல்லவில்லை.

அம்மா அதுவரை பேசாமல் இருந்தவள் பையை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

"நான் கோர்ட்டுல வந்து சொல்லுகேன். எனக்க பிள்ள குடிக்கமாட்டான். அவன் குடிச்சது வீட்டுல உள்ள வைனாக்கும். பைபிள் தந்தா அதுல கை வச்சும் சொல்லுகேன். ஒரு சாட்சி போதாதா?"

வக்கீல் பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அந்த வைன் யார் உண்டாக்கியது?"

"நானாக்கும்" என்றாள் அம்மா. அதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

"இது ஞான் கேட்டிட்டில்ல" என்றார் வக்கீல், காதில் விழவே இல்லை என்பதுபோல். பிறகு தம்பியையும் என்னையும் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். கேரளத்தில் அனுமதி இல்லாமல் வீட்டில் வைன் போடுவது அப்காரி என்கிற மதுச் சட்டத்தில் குற்றம். மகன் மேல் உள்ளதைவிடப் பலமடங்கு பெரியது. பத்து வருடம் வரை போகும். ஸ்டேஷனில் ஜாமீன் தரமுடியாத வகை. ஜாமீனே கிடையாது என்று அர்த்தமில்லை, கோர்ட்தான் முடிவு செய்யவேண்டும், அதுவரை உள்ளே. எல்லா வீட்டிலும் போடுகிறார்கள், யாரும் வந்து பரணியைத் திறந்து பார்ப்பதில்லை, அது வேறு. ஆனால் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, நான்தான் போட்டேன் என்று சொன்னால், கேட்டவர்கள் கேட்காததுபோல் இருக்க முடியாது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இதை மாற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போல. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. லேபில் காலையிலிருந்து ஊசி பிடித்துப் பிடித்து மத்தியானம் விரல் மரத்துப்போகும். உள்ளே முழுக்க அப்படி இருந்தது. அதன் பிறகு பல மாதம் அப்படியேதான் இருந்தது.

"அப்ப உண்மை சொன்னா நானும், சொல்லாட்டா இவனுமா?" என்று அம்மா கேட்டாள்.

தம்பி எழுந்துவிட்டான். "நான் சம்மதிச்சிக்கிடுகேன் மேடம்" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா பரணியில் மிச்சம் இருந்ததைத் தென்னை மூட்டில் கொட்டினாள். பரணியைச் சாம்பல் போட்டு மூன்று தண்ணீர் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். இப்போது அதில் உப்புமாங்காய் கிடக்கிறது.

சபையில் விஷயம் எங்களுக்கு முன்னால் போயிருந்தது. தம்பி இளைஞர் ஐக்கியத்துக்குச் செயலாளராக இருந்தான். வழக்கு முடிகிறவரை ஒதுங்கி இருக்கச் சொன்னார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். பெண்கள் சங்கத்தில் ஒருத்தியாவது அம்மாவிடம் வந்து, உன் பரணியா என்று கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். அத்தனை பேர் வீட்டிலும் பரணி இருந்தது. ஒருத்தியும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொள்கிறார்கள், பயப்படுகிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர்கள் மேல் எனக்கு வந்த வெறுப்பை இங்கே எழுதினால் நான் நல்லவளாகத் தெரிய மாட்டேன். ஆராதனை முடிந்து கை கொடுக்க வருகிறவளிடம் ரத்தம் எடுக்கிற கையைக் கொடுத்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

கோர்ட்டுக்குப் போன நாள் அம்மாவை வரவேண்டாம் என்று சொன்னோம். அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு உடுக்கிற வெள்ளைச் சேலையை உடுத்து வாசலில் நின்றாள். கூட்டிக்கொண்டே பஸ் ஏறினோம். எங்கள் பயம் ஒன்றே ஒன்றுதான். அங்கே வைத்து அவள் வாயைத் திறந்துவிடக் கூடாது.

கோர்ட் நான் நினைத்ததைவிடச் சின்ன அறை. பேர் கூப்பிடுவார்கள், ஆள் முன்னால் போவான், முடியும், அடுத்த பேர். பிரதி என்று சொன்னபோது அது தம்பிதான் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. மலையாளத்தில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அந்தப் பேர். எத்தனையோ தடவை செய்தியில் கேட்ட சொல்தான். அவன் கூண்டில் போய்க் கையைக் கட்டி நின்றான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கதவுப் பக்கம் நிற்பானே, அதே நிற்பு.

குற்றம் சம்மதிக்கிறாயா என்று மஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"சம்மதிக்குன்னு."

அவ்வளவில் முடிந்திருக்கலாம். மஜிஸ்ட்ரேட் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். ஸ்கூல் பஸ் டிரைவரோ என்று கேட்டார். ஆமென்றான். எங்கே குடித்தாய் என்று கேட்டார்.

அம்மா பெஞ்சிலிருந்து எழும்பப் போவது எனக்குத் தெரிந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த விரல் பழக்கத்தில் நாடிக்குப் போனது. நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"களியக்காவிளையில், சாரே" என்றான் தம்பி. "கடையில் நின்னு."

எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாராயக்கடை. பஸ்ஸில் அதைத் தாண்டும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவனும் சின்னதிலிருந்து அவளைப் பார்த்துத் திருப்பிக்கொண்டவன்தான். அந்தக் கடைக்கு எத்தனை படி என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் நின்று நிதானமாகச் சொன்னான். அம்மா பெஞ்சில் தளர்ந்து உட்கார்ந்தாள். என் கையைத் தட்டிவிட்டாள்.

பிள்ளைகளை ஏற்றுகிற ஆள் இப்படியா என்று மஜிஸ்ட்ரேட் இரண்டு வார்த்தை சொன்னார். கோபமாகக்கூட இல்லை. அபராதமும், கோர்ட் பிரியும் வரை தடவும், அதாவது சிறையும், விதித்தார். தடவு என்றதும் அம்மா என்னைப் பார்த்தாள். ஜெயில் இல்லை என்று வக்கீல் வந்து காதில் சொன்னார். அன்று சாயங்காலம் மஜிஸ்ட்ரேட் வேலை முடிந்து எழுந்து போகிறவரை அவன் அந்த அறையை விட்டுப் போகக் கூடாது, அங்கேயே இருக்க வேண்டும். சட்டத்தின் கணக்கில் அதுவும் சிறைதான். இருந்து முடித்தால் தண்டனை முடிந்தது.

"நீங்க போலாம் அம்மா. சிட்சை அவனுக்கு மட்டும்தான்" என்றார்.

"நானும் இங்க இரிக்கேன்" என்றாள் அம்மா.

அவன் சுவர் ஓரத்துப் பெஞ்சில். அம்மா பின் பெஞ்சில். நான் அவள் பக்கத்தில். வேறு பேர்கள் கூப்பிடப்பட்டன. அடிதடி, செக் கேஸ், யாரோ ஒருவரின் பசு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் வாங்கி வந்த பழம்பொரியை அம்மா தொடவில்லை. கொஞ்ச நேரம் தூங்கிக்கூட இருப்பேன். எனக்கு அங்கே வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மின்விசிறியில் ஒட்டடை தொங்கியது, அது சுற்றும்போது ஒட்டடையும் சுற்றியது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மஜிஸ்ட்ரேட் எழுந்ததும் எல்லோரும் எழுந்தோம். ஒரு போலீஸ்காரர் தம்பியைப் பார்த்து, போய்க்கோ என்று தலையசைத்தார்.

லைசென்ஸைத் தனியாக ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அது திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. குடித்து ஓட்டித் தண்டனை வாங்கியவனை எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காது. நானே தகப்பனாக இருந்தாலும் இப்படிப்பட்டவன் ஓட்டுகிற பஸ்ஸில் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று அவனே ஒருநாள் சொன்னான். இப்போது ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் கடையில் புகை போட்ட ஷீட் அடுக்குகிறான். வீட்டுக்கு வரும்போது உடம்பெல்லாம் புகை நாற்றம். அம்மா அவன் பக்கத்தில் வந்ததும் ஒரு தடவை மூச்சை இழுப்பாள். புகைதானா என்று பார்க்கிறாளோ என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் வீட்டில் கேக் மட்டும். பெண்கள் சங்கத்துச் செயலாளர் வீட்டில் எப்போதும்போல் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். தம்பி வரமாட்டேன் என்றான். அம்மா விடவில்லை. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம், சபை ஆட்கள்தான். செயலாளரம்மா தட்டோடு வந்தாள். கேக், முந்திரிக்கொத்து, சின்னக் கண்ணாடிக் கிளாஸ்களில் வைன். எங்கள் பரணியில் ஊறியது போலவே கறுத்த சிவப்பு. ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். தம்பி பக்கம் வந்ததும் தட்டைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு ஆரஞ்சு ஜூஸை நீட்டினாள்.

"மக்கா, உனக்கு இதாக்கும். உனக்கு அந்தப் பழக்கம் வேண்டாம், இல்லியா?"

கேலி இல்லை. உண்மையான அன்போடுதான் சொன்னாள். அவன் ஜூஸை வாங்கிக்கொண்டான்.

அடுத்தது அம்மா. அம்மா வைனை எடுக்கவில்லை. எழுந்து நின்றாள். வக்கீல் சாத்திய கதவு எனக்கு ஞாபகம் வந்தது. சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் உட்காரவில்லை.

"அவனுக்கு ஒரு பழக்கமும் இல்ல. அவன் களியக்காவிளைக்குப் போகவும் இல்ல. கோர்ட்டுல அவன் சொன்னது பொய்யாக்கும், எனக்க வேண்டிச் சொன்ன பொய். அன்னைக்கு அவன் குடிச்சது எனக்க பரணியில உள்ள வைன். நானாக்கும் ஊத்திக் குடுத்தது. போலீஸ் வந்து என்னைக் கொண்டுபோனாலும் செரி."

அறையில் யாரும் மெல்லவில்லை. ஒரு வருடமாக என் உள்ளே மரத்துக் கிடந்தது முதல்முதலாக அசைந்தது. முடிந்தது, இனி இவன் நல்லவன் என்று நினைத்து, பிடித்திருந்த சேலையை விட்டேன்.

செயலாளரம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"போட்டும் அக்கா. தாய் மனசு அப்படித்தான். பிள்ளைக்க பழியைத் தன் தலையில இழுத்துப் போடும்" என்றாள். "வைன் குடிச்சா மெஷின் கத்துமா? வைன் எல்லாம் ஒரு குடியா? நாம எல்லாரும் குடிக்கத்தானே செய்யுகோம்."

சுற்றி இருந்தவர்கள் ஆமென்று தலையாட்டினார்கள். உபதேசியாரும்தான், கையில் கிளாஸோடு. அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

தம்பி ஜூஸைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். வெளியே வந்ததும் கார் சாவியை என்னிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு, அக்கா" என்றான். "நீ ஒண்ணும் குடிக்கலையே?"